வெட்டும் இடம் எது? முகவரி வரியிலிருந்து ஊரையும் பின்கோடையும் பிரித்தெடுத்தல்

இந்த அத்தியாயத்தின் முடிவில் ஒரு வேலையை நீங்களே செய்வீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்து முகவரிகள் சில நூறு அடங்கிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் ஊர்ப்பெயரையும் பின்கோடையும் தனியே பிரிக்கும் சிறு நிரலை எழுதுவீர்கள். நூலக உறுப்பினர் பட்டியலோ, கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலோ, எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஒரு நீண்ட சரத்திலிருந்து வேண்டிய துண்டை மட்டும் எடுப்பது. வகுப்பில் ஸ்ட்ரிங் என்று சொல்வதைத்தான் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சரம் என்கிறது. இங்கும் அதுவே. மெத்தட்களின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு எல்லா மொழிகளிலும் ஆயத்த மெத்தட் இருக்கிறது. ஜாவாவில் சப்ஸ்ட்ரிங், பைத்தானில் சதுர அடைப்புக்குறி, ஜாவாஸ்கிரிப்டில் ஸ்லைஸ். இவற்றைக் கற்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு மெத்தட் பதில் சொல்லாது. பெரும்பாலான பாடங்கள் எண்ணி வெட்டக் கற்றுத்தருகின்றன: மூன்றாவது இடத்திலிருந்து ஏழாவது இடம் வரை என்று. தமிழ்ச் சரத்தை எண்ணி வெட்டக் கூடாது, தேடி வெட்ட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எண் என்பது தேடலின் விடையாகக் கிடைக்க வேண்டியது, நிரலில் நாம் கையால் எழுதி வைப்பது அல்ல.

ஏன் எண்ணக் கூடாது

புதுக்கோட்டை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பு, து, க், கோ, ட், டை என்று ஆறு எழுத்து. இதன் நீளத்தை ஜாவாவிடம் கேட்டால் 12 என்று சொல்லும், பைத்தானும் 12 என்றே சொல்லும். காரணம், யூனிகோடு தமிழின் உயிர்மெய்யை ஒரே குறியாக வைக்கவில்லை. ப ஒரு குறி, அதையடுத்து வரும் உகரக் குறி இன்னொன்று. க ஒரு குறி, புள்ளி இன்னொன்று. கணினிக்கு இந்த ஊர் ப, ு, த, ு, க, ், க, ோ, ட, ், ட, ை என்ற வரிசைதான். முதல் இடத்தின் எண் 0, கடைசி இடத்தின் எண் 11. முதல் மூன்று எழுத்து வேண்டும் என்று நினைத்து ஊர்.சப்ஸ்ட்ரிங்(0, 3) என்று எழுதினால் கிடைப்பது புத. மூன்றாம் இடத்திலிருந்து மிச்சத்தை எடுத்தால், உகரக் குறி தன் மெய்யைப் பிரிந்து, புள்ளிவட்டம் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு திரையில் நிற்கும்.

அப்படியானால் எழுத்துக்கு இரண்டு இடம் என்று கணக்கு வைத்து ஆறால் வெட்டலாமே என்று தோன்றும். புதுக்கோட்டைக்கு அது சரியாகவும் வரும், புதுக் என்று. இந்த ஊர்ப்பெயரை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவர் ஏமாறும் இடம் இதுதான். உயிரெழுத்தும் அகரம் ஏறிய மெய்யும் ஓரிடம்தான் பிடிக்கும். அறந்தாங்கியின் முதல் மூன்று எழுத்து அறந், அதற்கு நான்கு இடம். திருமயத்துக்குத் திரும, ஐந்து இடம். விராலிமலைக்கு விராலி, ஆறு இடம். மாவட்டத்தின் 12 வட்டங்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே எந்த ஒற்றை எண்ணும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

மொழிக்கு மொழி கணக்கே மாறுவது இதைவிட மோசம். ஜாவாவில் சப்ஸ்ட்ரிங்(4, 6) என்றால் நான்காம் இடத்தில் தொடங்கி ஆறாம் இடத்துக்கு முன்னால் நிறுத்து என்று பொருள். கிடைப்பது க். சி ஷார்ப்பில் அதே 4, 6 என்றால் நான்காம் இடத்தில் தொடங்கி ஆறு குறிகளை எடு என்று பொருள். கிடைப்பது க்கோட். பிஎச்பியின் சப்எஸ்டிஆர் இன்னும் கீழே இறங்கி பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகவே அதற்குப் புதுக்கோட்டை 36 இடம். பத்து பைட்டில் வெட்டினால் நான்காவது குறி நடுவில் பிளந்து, படிக்க முடியாத கேள்விக்குறிக் கட்டம் வரும். ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப்போல எண்ணி ஆறு என்கிறது.

தொடங்கும் முன்

பட்டியலின் மூலக் கோப்பை நகலெடுத்துத் தனியே வையுங்கள். பிரித்த ஊர்ப்பெயரை மூல முகவரி இருக்கும் பத்தியிலேயே எழுதாதீர்கள், புதுப் பத்தியில் எழுதுங்கள். வெட்டிய துண்டிலிருந்து மூலத்தை மீட்க வழியே இல்லை. பயிற்சிக்கு உண்மையான மனிதர்களின் முகவரியும் வேண்டாம், கற்பனை வரிகள் இருபது போதும்.

எக்செலில் இருந்து பட்டியலை எடுப்பவர்கள் பத்தியை உரை வகைக்கு முதலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதுக்கோட்டையின் தொலைபேசிக் குறியீடான 04322, முன்னால் உள்ள சுழியத்தை இழந்து 4322 ஆகிவிடும். பிறகு எந்த நிரலாலும் அதைச் சரியாக வெட்ட முடியாது.

செய்முறை

மாதிரி வரிகளாக இவற்றை வைத்துக்கொள்வோம்: கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை – 622001. பேருந்து நிலையம் அருகில், அறந்தாங்கி 614616. கடைத்தெரு, விராலிமலை-621316. பொன்னமராவதி, 622 407. ஒரே ஆள் தட்டச்சு செய்த பட்டியலில்கூட இந்த நாலு விதமும் கலந்துதான் வரும்.

1. முகவரி என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். மூல வரி உள்ளே போகும் ஒரே வழி அதன் கன்ஸ்ட்ரக்டர். உள்ளே போன வரியை வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாதபடி பிரைவேட் ஆக்குங்கள். ஊர், பின்கோடு என்று இரண்டு மெத்தட் போதும்.

2. வெட்டுவதற்கு முன் வரியைச் சீராக்குங்கள். யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றும் மெத்தட் எல்லாப் பெரிய மொழிகளிலும் உண்டு. இது ஏன் வேண்டும்? கோ என்பதை க, ோ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், க, ே, ா என்று மூன்று குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இரண்டாவது வகையில் புதுக்கோட்டையின் நீளம் 13. என்எஃப்சி இரண்டையும் முதல் வடிவத்துக்குக் கொண்டுவரும். அதோடு, வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய வரிகளில் ஒளிந்திருக்கும் பிரியா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாகவும், நீளக் கோடுகளைச் சிறு கோடாகவும் மாற்றிவிடுங்கள்.

3. பின்கோடை வரியின் கடைசியிலிருந்து தேடுங்கள். ஆறு இலக்கம், முதல் இலக்கம் சுழியம் அல்ல, மூன்றாவதற்குப் பின் ஓர் இடைவெளி இருக்கலாம், முன்னும் பின்னும் வேறு இலக்கம் ஒட்டியிருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை விட்டால் பத்து இலக்கக் கைபேசி எண்ணின் நடுவிலிருந்து ஆறு இலக்கத்தை நிரல் பிடுங்கிக்கொள்ளும்.

4. பின்கோடு தொடங்கும் இடம்வரை வரியை வெட்டுங்கள். அந்த இடத்தின் எண்ணைத் தேடலே சொல்லும். வெட்டிய துண்டின் வாலில் உள்ள கோடு, புள்ளி, காற்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் உதிர்த்துவிடுங்கள்.

5. மிச்சத்தில் கடைசிக் காற்புள்ளியை லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப் கொண்டு தேடுங்கள். கிடைத்த எண் மறை எண்ணா என்று முதலில் பாருங்கள். மறை எண் என்றால் காற்புள்ளி இல்லை, முழுத் துண்டும் ஊர்ப்பெயர். இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அடுத்த இடத்திலிருந்து வெட்டுங்கள். காற்புள்ளிக்கு அடுத்து என்பதுதான் முக்கியம். ஒன்றைக் கூட்ட மறந்தால் ஊர்ப்பெயர் காற்புள்ளியோடு வரும்.

6. முன்பின் இடைவெளியை டிரிம் கொண்டு நீக்கி விடையைத் திருப்பி அனுப்புங்கள்.

7. பின்கோடு கிடைக்காத வரிகளை ஊகிக்காமல் தனிப் பட்டியலில் சேருங்கள். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது பத்து நிமிட வேலை.

குறிப்பு: மூன்றாம் படியில் 622 என்று தேடலாமே என்று தோன்றும், புதுக்கோட்டை, ஆலங்குடி, திருமயம் எல்லாம் 622இல்தானே தொடங்குகின்றன என்று. அறந்தாங்கியின் பின்கோடு 614616, விராலிமலையினது 621316. மாவட்ட எல்லையும் அஞ்சல் துறையின் எல்லையும் ஒன்றல்ல.

அடிக்கடி நேரும் தவறுகள்

மிக மோசமான தவறு சத்தம் போடாத தவறு. தேடியது கிடைக்காவிட்டால் பெரும்பாலான மொழிகள் -1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஜாவாவில் அந்த -1ஐ அப்படியே சப்ஸ்ட்ரிங்குக்குக் கொடுத்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். எரிச்சலாக இருந்தாலும் அது நன்மையே. பைத்தானில் -1 என்றால் கடைசியிலிருந்து ஒன்று என்று பொருள். காற்புள்ளி வரை எடு என்று எழுதி, காற்புள்ளியே இல்லாத புதுக்கோட்டை என்ற வரியைக் கொடுத்துப் பாருங்கள். பிழை எதுவும் வராது. புதுக்கோட்ட என்ற விடை வரும். கடைசி ஐகாரக் குறியை மட்டும் நிரல் கடித்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ் மெத்தடும் இதையே செய்யும். பட்டியலில் ஒரு வரி நிரலை நிறுத்தினால் அன்றே தெரிந்துவிடும். நாற்பது வரிகளில் ஊர்ப்பெயர் கால் எழுத்துக் குறைந்தால் உறைகள் அச்சான பிறகுதான் தெரியும். ஆகவே -1 சோதனையை விருப்பமான படியாக நினைக்காதீர்கள்.

இரண்டாவது, வெட்டிய துண்டைப் பிடித்து வைக்க மறப்பது. ஜாவா, சி ஷார்ப், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் சரம் மாறாத ஆப்ஜெக்ட். வரி.டிரிம்() என்று மட்டும் எழுதினால் இடைவெளி நீங்கிய புதுச் சரம் ஒன்று பிறந்து, யாரும் வாங்கிக்கொள்ளாமல் அப்படியே மறைந்துவிடும். பழைய வரி பழையபடியே இருக்கும். வரி = வரி.டிரிம்() என்று எழுத வேண்டும்.

மூன்றாவது தவறு வடிவத் தேடலில் வரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் படித்தவர்கள் ஒரு சொல்லை எடுக்க \ என்ற சாய்கோட்டுடன் டபிள்யூ சேர்த்து எழுதுவார்கள். பைத்தானோடு வரும் ஆர்ஈ தொகுப்பில் இந்தக் குறி தமிழின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக ஏற்பதில்லை. புதுக்கோட்டையைக் கொடுத்தால் ப, த, க, க, ட, ட என்று ஆறு துண்டு வரும். ஆறு என்ற எண்ணிக்கை தற்செயலாகச் சரியாக இருப்பதால் சிலர் நிம்மதியும் அடைந்துவிடுவார்கள். சொல்லைத் தேடாதீர்கள், சொல்லைப் பிரிக்கும் இடைவெளியையும் காற்புள்ளியையும் தேடுங்கள். இலக்கத்தைக் குறிக்கும் டி குறியில் இதற்கு நேர் எதிரான சங்கதி இருக்கிறது. பைத்தான் 3 அதில் ௬௨௨ போன்ற தமிழ் இலக்கங்களையும் ஏற்கும், ஜாவா தானாக ஏற்காது.

நான்காவது, என்எஃப்சியாலும் தீராத ஒன்று. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து அடிக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. கௌரி என்பதும் கெளரி என்பதும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். முன்னொட்டைத் தேடி வெட்டும்போது இரண்டாவது சிக்காது. இதற்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுதித்தான் ஆக வேண்டும்.

எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால்

எண்ணவே கூடாது என்பது மிகை என்று ஒரு மறுப்பு வரும். பின்கோடின் முதல் மூன்று இலக்கம் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தைக் குறிக்கிறது, அதை எடுக்க 0 முதல் 3 வரை என்று எண்ணத்தானே வேண்டும்? உண்மை. 1972இல் அந்த எண்முறை வந்ததே இடத்துக்கு இடம் பொருள் வைத்துத்தான். வடிவத்தை ஓர் அமைப்பு நிர்ணயித்து, எல்லா எழுத்தும் ஓரிடம் பிடிக்கும்போது எண்ணுவது நியாயம். ஆனால் அப்போதும் எண்ணுவதற்கு முன் சோதிக்க வேண்டும். வண்டிப் பதிவெண்ணில் புதுக்கோட்டைக்கு டிஎன் 55. அதற்கு அடுத்த தொடர் எழுத்து ஒன்றாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும், இடைவெளி விட்டும் எழுதுவார்கள், விடாமலும் எழுதுவார்கள். ஐந்தாம் இடத்தில் தொடங்கு என்ற கட்டளை அங்கே பாதி வண்டிகளுக்குப் பொருந்தாது. ஆதார் எண்ணுக்கும் இதே எச்சரிக்கை. கடைசி 4 இலக்கத்தை மட்டும் காட்ட வேண்டுமானால் முதலில் இடைவெளிகளை நீக்குங்கள், 12 இலக்கம்தானா என்று பாருங்கள், பிறகு வாலிலிருந்து நான்கை எடுங்கள். தலையிலிருந்து எட்டை மறைத்தால், 12க்கு மேல் இலக்கமோ நடுவில் இடைவெளியோ உள்ள வரியில் மறைக்க வேண்டியது வெளியே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை வெளியிலிருந்து சுமத்தப்படும் இடங்களும் உண்டு. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிதான் இடம். தரவுத்தளத்தின் பத்திக்கும் ஓர் எல்லை இருக்கும். அங்கே இப்படிச் செய்யுங்கள்:

1. வரியை என்எஃப்சிக்கு மாற்றுங்கள்.
2. எல்லை 70 என்றால் இண்டெக்ஸ் 70இல் உள்ள, அதாவது வெட்டினால் வெளியே போகப்போகிற முதல் குறியைப் பாருங்கள்.
3. அது புள்ளியாகவோ உயிர்மெய்க் குறியாகவோ இருந்தால் வெட்டும் இடத்தை ஒன்று பின்னால் நகர்த்துங்கள். யூனிகோடில் இவை 0BBE முதல் 0BCD வரை நெருக்கமாக அமர்ந்திருப்பதால் அட்டவணையைப் பார்த்து ஒரே நிபந்தனையில் எழுதிவிடலாம்.
4. அங்கே வெட்டுங்கள்.

தமிழின் நல்வாய்ப்பு, என்எஃப்சி வடிவில் ஒரு மெய்க்கு வழக்கமாக ஒரே குறிதான் ஏறும். ஆகவே ஓரடி பின்வாங்கினால் போதும். இதைக் கையால் எழுத விரும்பாதவர்களுக்கு ஆயத்தக் கருவிகள் உள்ளன. ஜாவாவில் பிரேக்இட்டரேட்டர், சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங்இன்ஃபோ, ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர், பைத்தானுக்கு ஓப்பன் தமிழ் தொகுப்பின் கெட் லெட்டர்ஸ். கூடியவரை புதிய பதிப்புகளையே பயன்படுத்துங்கள். சி ஷார்ப்பில் டாட் நெட் 5க்கும், ஜாவாவில் ஜேடிகே 20க்கும் முந்தைய பதிப்புகள் இப்போதைய யூனிகோடு விதியை முழுமையாகப் பின்பற்றவில்லை. க்ஷ போன்ற கூட்டெழுத்துகளைப் பொது விதி க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். அதை ஓரெழுத்தாக வைக்க வேண்டுமென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்வெட்டு வாசகங்களைத் தட்டச்சு செய்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. குடுமியான்மலை, நார்த்தாமலை என்று கல்வெட்டு நிறைந்த மாவட்டம் இது. பழைய நில அளவுகளின் பின்னக் குறிகள் யூனிகோடில் 2019இல்தான் ஒரு துணைத் தொகுதியாகச் சேர்ந்தன. அவை முதல் 65,536 இடங்களுக்கு அப்பால் இருப்பதால் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அவை ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணும். நடுவில் வெட்டினால் பின்னம் பாழ்.

யூனிகோடைக் குறை சொல்லலாமா

எல்லாச் சிக்கலும் எழுத்தைப் பிளந்து குறியாக்கிய யூனிகோடால் வந்தது, எழுத்துக்கு ஒரு குறி என்று வைத்திருந்தால் எண்ணியே வெட்டலாம் என்ற வாதம் பழையது, அதில் நியாயமும் உண்டு. அப்படி அமைந்த டேஸ் 16 என்ற 16 பிட் முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. அந்த முறையில் புதுக்கோட்டைக்கு ஆறு இடம்தான். ஆனால் உங்கள் கைக்கு வரும் பட்டியல் கைபேசியிலிருந்தும் வலைப்பக்கத்திலிருந்தும் யூனிகோடில்தான் வருகிறது. அதை மாற்றி, வெட்டி, மறுபடி மாற்றுவதைவிட எல்லையைத் தேடி வெட்டுவது சுலபம். இன்னொரு காரணமும் இருக்கிறது. பிளந்த குறிகளே உதவும் இடம் ஒன்று இந்த மாவட்டத்து ஊர்ப்பெயர்களிலேயே உள்ளது.

ஊர்ப்பெயரின் ஈற்றைத் தனியே எடுக்க வேண்டும் என்று வையுங்கள்: பட்டி, குடி, கோட்டை, மலை, ஊர் என்று வகை பிரிக்க. ஆலங்குடி குடியில் முடிகிறதா என்று எண்ட்ஸ்வித் மெத்தடைக் கேட்டால் ஆம் என்கிறது. மணமேல்குடிக்கும் கறம்பக்குடிக்கும் ஆம். குளத்தூர் ஊரில் முடிகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறது, இலுப்பூருக்கும் இல்லை. நிரல் சொல்வது சரிதான். புணர்ச்சியில் ஊகாரம் மெய்மேல் ஏறித் தூ, பூ ஆகிவிட்டது. ஊ என்ற தனியெழுத்து அந்தச் சரத்தில் எங்கும் இல்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்தால் தூவும் பூவும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. குறி குறியாகப் பார்த்தால் இரண்டிலும் ூ, ர, ் என்ற ஒரே வால் இருக்கிறது. ஆகவே இங்கே மட்டும் எழுத்துக்குள் புகுந்து தேடுங்கள்: ஊர் என்ற சரத்தில் முடிகிறதா, அல்லது ூர் என்ற மூன்று குறிகளில் முடிகிறதா என்று இரண்டையும் கேளுங்கள். வெட்டும்போது அந்த ஊகாரக் குறியை நீக்கி அந்த இடத்தில் புள்ளி வைத்தால் குளத்த், இலுப்ப் என்று மெய்யில் முடியும் முற்பகுதி கிடைக்கும்.

கோட்டைக்கு இதன் மறுபக்கம். கந்தர்வகோட்டையிலிருந்து கோட்டையை வெட்டினால் கந்தர்வ என்று சுத்தமாக நிற்கிறது. புதுக்கோட்டையில் வெட்டினால் புதுக் என்று ஒரு ககர ஒற்று தொங்குகிறது. கோட்டை, குடி இரண்டுக்கும், வெட்டிய பின் வாலில் க் இருந்தால் அதையும் நீக்கு என்று ஒரு நிபந்தனை சேருங்கள். பட்டிக்கு அதுவே ப் ஆகும். இந்த நிபந்தனையை ஊர் என்ற ஈற்றுக்கு மட்டும் பொருத்திவிடாதீர்கள். பொருத்தினால் இலுப்பூரில் நீங்கள் இப்போதுதான் மீட்டெடுத்த பகர ஒற்று மறுபடி போய்விடும்.